பிரிக்பீல்ட்ஸ் நடுவில் நின்ற நம் வெள்ளைக் கார்

நேற்று பூச்சோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் மேடையில் கேக் வெட்டினார்கள். கத்தி இறங்கியதும் வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை என் மேசை வரைக்கும் வந்தது. மண்டபத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது கேக் வாசனை. எனக்கு அது உன் காரின் பின்சீட்டு வாசனை. தட்டில் வைத்த துண்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "உங்களுக்கும் சுகரா?" என்று கேட்டார். "இல்ல ஆன்டி, ஒரு கூட்டாளி ஞாபகம் வந்துருச்சு" என்றேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. வாசனை வந்த வழியிலேயே தொடங்குகிறேன்.

ஷா ஆலாம் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்த நாட்களிலேயே நீ கேக் செய்துகொண்டு வருவாய். ஓவர்டைம் முடிந்து எல்லாரும் சோர்ந்து கிடக்கும்போது டப்பாவைத் திறப்பாய். பிறகு நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு அலுவலக வேலைக்குப் போனேன். நீ வேலையை விட்டுவிட்டு, காப்பாரில் உன் வீட்டுச் சமையலறையிலேயே தொழிலை ஆரம்பித்தாய். பிறந்தநாள் கேக்குகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாய். நீ ஓட்ட, உன் மகள் யாழினி பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாண ஆர்டர் வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய். "மூணு அடுக்கு கேக்க மோட்டார்ல கொண்டு போனா, பொண்ணும் மாப்பிள்ளையும் அத கரண்டியிலதான் அள்ளித் திங்கணும்" என்று சிரிப்பாய். ஆனால் ஒவ்வொரு ஆர்டரையும் மறுத்த பிறகு அந்தக் கேக்கை ஒரு தாளில் வரைந்து பார்ப்பாய். அதை நான் கவனித்திருக்கிறேன்.

நான் வேறு கார் வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்று, "அப்ப அந்த வெள்ள காடிய எனக்குக் குடு" என்றாய். யோசிக்கவே இல்லை. விலை பேசி முடிக்கும்போது நம் தேநீர்கூட ஆறியிருக்கவில்லை. வீட்டில் என் கணவர்தான் முணுமுணுத்தார். "நெருங்குன ஆளுக்கு காடி விக்காத. நாளைக்கு ஒரு ஸ்க்ரூ கழண்டாலும் உன்னத்தான் சொல்லுவாங்க." அந்தக் கார் என்னை ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. அந்தத் தைரியத்தில் சாவியை உன் கையில் கொடுத்தேன். நீ எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, கேட்டுக்கு முன்னால் வந்து ஹார்ன் அடித்தாய். பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன.

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கிள்ளானில், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தபோது எஞ்சின் தானாக அணைந்தது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்திருந்தாய். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நின்ற இடத்திலிருந்து எனக்குப் போன் செய்வாய். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பேன். நீயோ, "ஆறட்டும், போலாம். நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாய்.

கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த சேகர் அண்ணனிடம் எத்தனை தடவை கொண்டுபோனாய்! அவர் பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார், பேட்டரி வயர் எல்லாம் கழற்றி மாட்டினார். அவர் முன்னால் மட்டும் அந்தக் கார் நல்ல பிள்ளையாக ஓடும். "ஒன்னும் இல்ல லா. காடி ஜம்முனு இருக்கு. நீங்கதான் என்னமோ செய்றீங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். நீ அவரைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

நீ முதன்முதலாக ஒப்புக்கொண்ட கல்யாண கேக் பூச்சோங்கில் ஒரு மண்டபத்துக்கு. பெடரல் நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது கார் நின்றது. எஞ்சின் இல்லையென்றால் ஏர்கானும் இல்லை. பின்னால் மூன்றடுக்குக் கேக். எனக்குப் போன் செய்தபோது அந்த ஒரு முறைதான் நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை. "வசந்தா, கிரீம் எறங்குது."

அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். நான் வந்து சேரும்போது நீ ஒரு அட்டையை வைத்துக் கேக்குக்கு விசிறிக்கொண்டிருந்தாய். உன் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை என் காருக்கு மாற்றினோம். ஏர்கானை முழுதாக வைத்து, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் நீ கிரீம் பையை எடுத்து, சாய்ந்த பக்கத்தில் ரோஜாப் பூக்களாகப் போட்டுக்கொண்டே போனாய். ஒரு பக்கம் மட்டும் பூ வழிந்து இறங்குவது போல ஆகிவிட்டது. கல்யாணப் பெண் அதைப் பார்த்து, "அக்கா, இந்த டிசைன் ரொம்ப அழகா இருக்கு, நான் கேட்டதவிட நல்லா இருக்கு!" என்றாள். நீ என் கையைக் கிள்ளினாய். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நாம் சிரித்த சிரிப்பில் காவலாளி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் அன்று மாலை காப்பாரில் உன் வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நான் உள்ளே இருப்பது தெரிந்தே உன் தம்பி வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். "வித்தவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஓட்டை காடிய ஒன் தலையில கட்டிட்டாங்க. நீயும் கூட்டாளி கூட்டாளின்னு இருக்க."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, "காடிய நானே திருப்பி எடுத்துக்கறேன். நமக்குள்ள இது வேணாம்" என்றேன். நீ அப்போது சோப்பு நுரையும் கையுமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பி என்னைப் பார்த்தாய்.

"உக்காரு" என்றாய். "இப்ப நீ காடிய எடுத்துட்டுப் போனா, அவன் சொன்னது உண்மைன்னு ஆயிடும். காப்பார் முழுக்க அதையேதான் பேசுவாங்க. அதுல என்ன கோளாறுன்னு தெரியாம நான் அந்தச் சாவிய யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கார் உன்னுடையது. நஷ்டம் உன்னுடையது. வெயிலில் நின்றது நீ. ஆனால் நீ சண்டைக்குக் கிளம்பியது என் பெயருக்காக. அதை அப்போது நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் மாதிரி என்னை விசாரித்தாய். எத்தனை மணிக்குக் கிளம்புவாய்? எந்த வழியாகப் போவாய்? ஜாமில் மாட்டியிருக்கிறாயா? நான் சொன்னேன்: காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விடுவேன்; வீட்டிலிருந்து அலுவலகம் பக்கம்தான்; தூரப் பயணம் என்றால் கணவரின் காரில்தான் போவோம். நீ மேசையை ஓங்கித் தட்டினாய். ரசம் சிந்தியது. "அதான்! உன்கிட்ட அது சூடே ஆகல! சூடு ஏறுனாத்தான் நிக்கிது. சேகர் அண்ணே பாக்குறப்ப எல்லாம் ஆறிப்போய்க் கெடக்கு. அவருக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப என்ன செய்றது?"

"அவரையும் ஏத்திக்கிட்டுப் போய்க் காடிய நிக்க வைக்கிறது."

அரை நாள் கடையைவிட்டு வர சேகர் அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. அவர் மகளின் பிறந்தநாளுக்குக் கோட்டை வடிவத்தில் ஒரு கேக் செய்து தருகிறேன் என்று நீ சொன்ன பிறகுதான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். தீபாவளிக்கு முந்தைய வாரம், உச்சி வெயில். பெடரல் நெடுஞ்சாலையில் நல்ல ஜாம். கார் நிற்கவில்லை. பட்டு மாதிரி ஓடியது. சேகர் அண்ணன் குறட்டைவிட ஆரம்பித்தார். எனக்கு மனம் உடைந்துபோனது. இன்றைக்கும் இது நம்மைப் பொய்யாக்கிவிடும் என்று நினைத்தேன்.

"பிரிக்பீல்ட்ஸுக்கு விடு. அங்க தப்பிக்க முடியாது" என்று நீயே சொல்லி நீயே திருப்பினாய். கோலாலம்பூரின் அந்த இந்தியக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் வழி முழுக்க அலங்கார விளக்குகள், துணிக் கடைகள், முறுக்கு அடுக்கிய மேசைகள், வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடக்கும் ஜனங்கள். ஆமை வேகம்கூட இல்லை. ஜன்னல் வழியாக, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர் மூன்று வாங்கினேன். நீ ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தபடி, "நில்லுடி ராசாத்தி. ஒரே ஒரு தடவ நில்லு" என்று கெஞ்சினாய்.

நின்றது. இருமக்கூட இல்லை; அப்படியே அடங்கியது.

"நின்னுருச்சு!" என்று நீ கத்தினாய். நான் கை தட்டினேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் காரே ஆடியது. சேகர் அண்ணன் பதறி எழுந்து, "என்ன ஆச்சு, இடிச்சிட்டீங்களா?" என்றார். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. லோரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். "என்னம்மா இது? காடி நடு ரோட்டுல நிக்கிது, நீங்க கை தட்டுறீங்க?" நீ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாய். "அண்ணே, இதுக்குத்தான் இத்தன நாளா அலைஞ்சோம். கொஞ்சம் பொறுத்துக்கங்க லா!"

சேகர் அண்ணன் பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் வருகிறது என்றார். பிளக்கில் பொறி வரவில்லை என்றார். அப்புறம் எஞ்சின் பக்கவாட்டில் எதையோ தொட்டுவிட்டுச் சூட்டில் கையை உதறினார். எஞ்சின் சுற்றுவதைப் பார்த்து மற்றதற்கெல்லாம் சேதி சொல்லும் ஒரு சென்சார், கட்டை விரல் அளவுதான் இருக்கும். "அந்த ஐஸ் தண்ணியக் குடுங்க" என்று என் தேநீர்ப் பையை வாங்கி, அதன் மேல் அழுத்திப் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். லோரிக்காரர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப போடுங்க."

நீ சாவியைத் திருப்பினாய். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. லோரிக்காரர் முதலில் கை தட்டினார். முறுக்குக் கடை அக்கா சேர்ந்துகொண்டார். என்ன ஏது என்று தெரியாமலே நடந்து போகிறவர்கள் தட்டினார்கள். "சூடு ஏறுனா இது தூங்கிடுது, ஆறுனா முழிச்சிக்குது" என்றார் சேகர் அண்ணன். பிறகு உன் பக்கம் திரும்பி, "தப்பு என் மேலதான் தங்கச்சி. நீங்க சொன்னப்பவே கூட வந்திருக்கணும்" என்றார். நீ எதற்கும் காத்திருக்காமல் என்னைப் பார்த்தாய். "இது உனக்கு எப்படிடி தெரிஞ்சிருக்கும்? தெரியவே தெரியாது" என்றாய். அதைச் சொல்லும்போதுதான் உனக்குக் கண் கலங்கியது.

மறுநாளே புதிய சென்சார் போட்டாகிவிட்டது. உன் தம்பியிடம் நீ நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னாய். அவன் அடுத்த ஞாயிறு நான் வந்தபோது வெள்ளைக் காரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. உங்க காடியையும் இப்படிக் கொண்டாங்க, கழுவிடறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கார் போகாத மண்டபம் இல்லை. கிள்ளான், பூச்சோங், ஈப்போ வரைக்கும்கூட நான்கடுக்கு, ஐந்தடுக்கு. கல்யாண சீசனில் ஒரே நாளில் இரண்டு கேக். நீ நோயில் விழுந்த பிறகும், ஆஸ்பத்திரிக்கு உன்னை நான் கூட்டிப்போகிறேன் என்றால் விடமாட்டாய். "நீ பக்கத்துல உக்காரு, நான் ஓட்டறேன்" என்பாய். தலையில் துணி கட்டிக்கொண்டு, ஜாமில் புகுந்து புறப்பட்டு, முந்துகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு ஓட்டுவாய். முடியாமல் போன அந்தக் கடைசி மாதத்தில்தான் சாவியை யாழினியிடம் கொடுத்தாய்.

இப்போது அவள்தான் கேக் செய்கிறாள். கல்யாணக் கேக்குகளுக்கு உன் கையைவிட அவள் கை இன்னும் நேர்த்தி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாய். வெள்ளைக் கார் ஓடி ஓடி மூப்படைந்துவிட்டது. போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, "ஆன்டி, நீங்க உங்க காடிய விக்கப் போறதா கேள்விப்பட்டேன். எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள். அப்போதே சாவியை எடுத்துக் கொடுத்தேன். என் காரில் எனக்குத் தெரிந்த குறை ஒன்றே ஒன்று: இடது பக்கக் கதவை ஓங்கிச் சாத்த வேண்டும். அதையும் சொன்னேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு காலை அவளிடமிருந்து போன். "ஆன்டி, தப்பா நெனைக்காதீங்க... ஏர்கான் போட்டா கடகடன்னு ஒரு சத்தம்..." அந்தப் பிள்ளை சொல்ல எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. எனக்குப் பயமே வரவில்லை, தெரியுமா? யார் என்ன சொல்வார்கள் என்று ஒரு நொடிகூட மனம் ஓடவில்லை. உன்னோடு அந்த ஜாமில் உட்கார்ந்து வந்தவளுக்கு இனி அந்தப் பயம் எப்படி வரும்? நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவற்றில் இதைத்தான் நான் தினமும் எடுத்துப் புழங்குகிறேன். "எதுக்குடி தப்பா நெனைக்கணும்? வீட்டுலயே இரு, வரேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பாருக்குக் கிளம்பினேன்.

இரண்டு பேருமாக டாஷ்போர்டுக்கு அடியில் தலையைவிட்டு, காற்றாடிப் பெட்டியைக் கழற்றினோம். உள்ளே காய்ந்த இலை ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டதும் காற்று சத்தமில்லாமல், சில்லென்று வந்தது. யாழினி முகத்தை அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்தாள். பிறகு எழுந்து, "ஆன்டி, மீன் கறி வச்சிருக்கேன். சாப்புட்டுத்தான் போகணும்" என்றாள்.

இருந்து, இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.