இரண்டு திரைகளுக்கு நடுவே நின்ற சர்தார்

நேற்று உமது மகன் உமது கூத்து உடுப்புக் கிடந்த அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தான். முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளையும் தேங்காயெண்ணெயும் கலந்த வேட வாசம் மாதா கோயில் மண்டபமெங்கும் பரவியது. இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த பெட்டி பூஞ்சணம் அல்லவா மணக்கவேண்டும்? நீர் இப்போதுதான் முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே போனதுபோல் இருந்தது. பயந்துதான் போனேன், மறைப்பானேன்.

நெடுந்தீவில் கூத்தாடியவனுக்கு வேடம் கலைந்தாலும் வேடத்தின் பேர் கலையாது. பூதமாக ஆடியவர் பெண் தேடிப் பட்ட பாடு உமக்குத் தெரியும். நீர் ஊருக்கெல்லாம் சர்தார்.

சரித்திரப் புத்தகமொன்றைப் படித்து நீரே கட்டிய கூத்து அது. சர்தார் என்ற மராட்டியப் பிரபு ஒருவன் சொந்த அரசனோடு கோபித்துத் தில்லிக்குப் போகிறான். அங்கே பட்டம் பெற்றும் மனம் கேளாமல் திரும்புகிறான்; பிறகு மறுபடியும் போகிறான். இடப்பக்கத் திரை தில்லி, வலப்பக்கத் திரை சதாரா. இரண்டு சபையிலும் அவனுக்கு ஆசனம் இருந்தது, நம்பிக்கைதான் இல்லை.

"உவன் துரோகியோ?" என்று மத்தளத்தை இறக்கிவைத்துக் கேட்டேன்.

"ரண்டு இடத்திலயும் சோறு திண்டவன், ஐசே. ரண்டு இடத்திலயும் அவனுக்காக அழ ஆளிருந்தது," என்றீர்.

சண்டைக் காலத்தில் வெளியாட்கள் இருவர் தேத்தண்ணிக் கடையில் உம்மை யாரென்று விசாரித்தார்கள். "எங்கட சர்தார். ரண்டு பக்கத்துக்கும் சேவகம் செய்யிற ஆள்!" என்றார் கடைக்காரர், பெருமையாக. கூத்தைத்தான் சொன்னார், பாவி மனுசன். தீவாருக்கு அது விளங்கும், அவர்களுக்கு விளங்கவில்லை. மறுநாள் துவக்கோடு வந்தவர்கள் உம்மை வள்ளத்தில் ஏற்றிப் போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது. நீர் வருவீர் என்றே உமது மனைவி இருந்தார். இறந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆத்துமப் பூசைக்குச் சம்மதிக்கவேயில்லை.

இப்போது மகன் கனடாவிலிருந்து வந்து அந்த வேடத்தைக் கேட்கிறான். "ஊர் அந்தப் பேரால அவனையும் கூப்பிடுமே அண்ணை," என்று உமது மனைவி கலங்கினார். ஆனாலும் தடுக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம், வேடம் போடாமல் முழுக்கூத்தையும் ஆடிப் பார்த்தோம். மகன் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்றான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட்டை நிறுத்தி, "சர்தார், வாரும்!" என்று அழைத்தார்.

"வந்தேன்" என்ற பதில் வலப்பக்கத் திரைக்குள்ளிருந்து வந்தது. உமது குரல். அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியாதா? மகன் இடப்பக்கத்தால் தலையை நீட்டிப் பார்த்தான். அவன் இன்னும் வாயே திறக்கவில்லை. அண்ணாவியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

உமது மனைவி மட்டும் கதிரையை விட்டு எழுந்தார். "எந்தப் பக்கத்து ஆக்கள் கொண்டு போனவங்கள் எண்டதை மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றார்.

காற்று விழுந்துவிட்ட நேரம் அது. இரண்டு திரைகளும் ஒன்றாக அசைந்தன.

உமது மனைவி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பூசைக்குக் குடுங்கோ அண்ணை. அவற்ற சொந்தப் பேரில குடுங்கோ," என்றார்.

இன்று காலை சுவாமியாரிடம் போனேன். பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். சர்தார் என்றுதான் வாயில் வந்தது. உமது ஞானஸ்நானப் பெயரை எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை, ஐசே. உமது மனைவியிடம் போய்க் கேட்க முகமில்லாமல் கோயில் வாசலில் இருக்கிறேன்.