நாப்பது பேருக்கு ஒரு டோக்கன்

அன்பு மகளுக்கு அப்பா ஆசையோட எழுதுறது. நானும் அம்மாவும் சௌக்கியம், சித்தியும் சௌக்கியம், அதுலயும் சித்தி சௌக்கியம்னு இந்தத் தடவைதான் பொய் கலக்காம எழுதுறேன். நீயும் அந்த ஊர்க் குளிர்ல நல்லா இருக்கணும். போன்ல பேசினா உங்கம்மா பாதியில பிடுங்கிக்கிறா, அதான் பேனாவை எடுத்தேன். நிதானமாப் படி, நடுவுல தாவாதே.

ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்ல நான் உட்கார்ந்து இருபத்திரெண்டு வருஷமாச்சு. யார் மாத்திரையை ஒழுங்கா முழுங்குறாங்க, யார் டிமிக்கி கொடுக்குறாங்கன்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன்னு பீத்திக்குவேன்ல, அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆறு மாசமா சித்திக்கு பிரஷர் நூத்தி எண்பதை விட்டு இறங்கல, இப்படியே போனா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. போன மாசம் ஜன்னல்கிட்ட அவ பையிலேர்ந்து பழைய மாத்திரை அட்டை விழுந்துச்சு, முப்பதுல நாலுதான் காணோம். எனக்கு வந்துச்சே கோபம், கொழுந்தியான்னும் பார்க்காம, பின்னாடி நிக்கிற வரிசையையும் பார்க்காம, வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அவ மருந்து நோட்டுல சிவப்பு மையில 'பொறுப்பில்லை'ன்னு வேற எழுதினேன். அவ நோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அன்னிக்கு உன்கிட்ட போன்ல புலம்பினப்ப நீ என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா? அந்த நாலு மாத்திரையும் எந்தெந்தக் கிழமைப்பா, மத்த நாள்ல ஏன் சாப்பிடலைன்னு கேட்டீங்களான்னு கேட்டே. நேத்துப் பொறந்தது எனக்கே பாடம் எடுக்குதான்னு சுர்ருனு வந்துச்சு, பட்டுனு போனை வெச்சுட்டேன். ஆனா நீ கேட்டது சரிதானேன்னு அப்புறம் பட்டுச்சு. நான் கேட்டா சித்தி சொல்ல மாட்டான்னு உங்கம்மாவை அனுப்பினேன். நாலும் ஞாயித்துக்கிழமை. மத்த ஆறு நாளும் அவளுக்கு பேக்கிங் கம்பெனியில வேலை இல்லையா, அங்க சூப்பர்வைசர் மேஜைக்கு மேல ஆணியில ஒரு மர டோக்கன் தொங்குமாம். நாப்பது பொம்பளைங்களுக்கும் அது ஒண்ணுதான், அதைக் கையில வெச்சிருக்கிறவதான் பாத்ரூம் போகலாம், மூணாவது தடவை எடுத்தா பேரைக் குறிச்சுக்குவானாம். நான் கொடுத்த மாத்திரையோ அடிக்கடி ஒண்ணுக்குப் போக வைக்கிற மாத்திரை. மாத்திரையை விட்டவ தண்ணியையும் விட்டுட்டா. அத்தனை ஆம்பளைங்க நிக்கிற வரிசையில இதை மாமாகிட்ட எப்படிக்கா சொல்றதுன்னு உங்கம்மா மடியில படுத்து அழுதிருக்கா. எனக்கு வெட்கமாப் போச்சு கண்ணு.

மறுநாள் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். இங்க வர்ற அந்தக் கம்பெனிப் பொம்பளைங்க நோட்டையெல்லாம் கொண்டுவரச் சொன்னாங்க. பதினோரு நோட்டு, பதினொண்ணுலயும் பிரஷர், பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு, பதினொண்ணுலயும் என் சிவப்பு மை! டாக்டரம்மா மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க, கம்பெனிக்கும் ஒரு லெட்டர் எழுதினாங்க. மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டு, உனக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன், எப்ப வேணா போய்க்கோன்னாராம். அவ வேலையே தற்காலிகம், நாளைக்கு வராதேன்னா முடிஞ்சுது. நானா இருந்தா கும்பிடு போட்டு வாங்கியிருப்பேன். வாயில்லாப் பூச்சின்னு நாம கிண்டல் பண்ற உன் சித்தி என்ன சொன்னா தெரியுமா? நாப்பது பேருக்கும் மூத்திரப்பை ஒரே அளவுதான் சார், எனக்கு மட்டும் வேணாம்னுட்டா! அப்படிப் போடு! பின்னாடியே மத்தவங்களும் வந்து நின்னாங்களாம். மூணு நாள் பதிலே இல்ல, வேலை போச்சுன்னுதான் நினைச்சோம், வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்ல. நாலாம் நாள் காலையில போய்ப் பார்த்தா ஆணியையே பிடுங்கிட்டாங்க. டோக்கனைக் குப்பையிலேர்ந்து பொறுக்கிட்டு வந்து சாவிக்கொத்துல மாட்டியிருக்கா உன் சித்தி, கழுதை.

நேத்து சித்திக்கு பிரஷர் நூத்தி முப்பத்தாறு. பதினோரு நோட்டுலயும் நான் எழுதினதை என் கையாலயே அடிச்சுட்டேன். இப்ப ஜன்னல்ல யாரு மாத்திரை சாப்பிடலைன்னாலும் முதல்ல ஏன்னு கேக்குறேன், வரிசை நீளமாகுதுன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. என் மக நர்ஸு, அவதான் கேக்கச் சொன்னான்னு அவங்ககிட்டயும் பெருமையடிக்கிறேன். சித்தியை நினைச்சாலும் உன்னை நினைச்சாலும் நெஞ்சு நிமிந்துக்குது, என்ன பண்ண.

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாம இருக்கணும் தாயி. ஒரே ஒரு விஷயம். வார்டுல பன்னெண்டு மணி நேரமும் நீ தண்ணி பாட்டிலைத் தொடுறதே இல்லைன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. உன்னை நாலு வாங்கு வாங்கணும்னுதான் இந்தக் கடுதாசியை ஆரம்பிச்சேன். இப்ப திட்டல. ஏம்மா குடிக்கிறதில்ல? அங்க உன்னைப் போக விடுறாங்களா, இல்லையா? மறைக்காம எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா