பதினோராயிரத்துச் சொச்சம்

மார்ச் 3, திங்கள்
டைல்ஸ் கடையில் நாள் முழுக்க ஈ ஓட்டினோம். இணையத்தில் வானம் பார்ப்பவர்கள் மன்றத்தில் என் பதிவுகள் பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டன. பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘ஆசான்’ என்று விழுந்திருக்கிறது. மனைவியிடம் காட்டினேன்.

“ஆசானே, மொதல்ல அலமாரி மேல இருக்கிற டெலஸ்கோப்பத் தூசி தட்டுங்க” என்றாள். அவளுக்கு எப்போதும் நக்கல்தான்.

மார்ச் 5, புதன்
புதிதாகச் சேர்ந்த தையல்கார அம்மா ஒருவர் கேட்டிருந்தார். பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கினாராம். கண் வைக்கும் பக்கம் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடியும் கூட வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சூரிய கிரகணத்தை அதில் பார்க்கலாமா?

“அதற்காகத்தானே கொடுத்திருக்கிறார்கள், தாராளமாகப் பாருங்கள்” என்று எழுதினேன். நாற்பது பேர் விருப்பம் போட்டார்கள். மொத்தமே இருபத்தாறு பதிவு போட்ட ஒருவன் மட்டும் “வேண்டாம், சூட்டில் வெடிக்கும்” என்றான். “தம்பி, முதலில் மன்ற விதிகளைப் படியுங்கள்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 7, வெள்ளி
அவன் சொன்னது சரி.

கடையில் ஆள் இல்லாத நேரம் தேடிப் படித்தேன். தொலைநோக்கி வெயிலைக் குவித்து அந்தச் சின்னக் கண்ணாடி மேல்தான் கொட்டுமாம். விரிசல் விட்டால் ஒரு நொடி போதும் — கண் போய்விடும். வெயிலை மறைக்கும் கண்ணாடி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டுமாம். இது எனக்குத் தெரியாது. தெரியாமல் எப்படிச் சொன்னேன்?

என் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ‘வருக’. ‘வாழ்த்துகள்’. ‘அருமையான படம்’. மறுபடி ‘வருக’. இதைத்தான் பதினோராயிரம் தடவை எழுதியிருக்கிறேன்.

“நான் சொன்னது தப்பு, பார்க்காதீர்கள்” என்று பெரிய எழுத்தில் போட்டேன். அந்த அம்மாவுக்குத் தனிச்செய்தியும் அனுப்பினேன். திறக்கவில்லை.

மார்ச் 8, சனி
இன்னும் திறக்கவில்லை. போன் நம்பர் கிடையாது, எந்த ஊர் என்றும் தெரியாது. குளியலறை டைல்ஸ் கேட்டவருக்குச் சமையலறை டைல்ஸை ஏற்றி அனுப்பிவிட்டேன். “ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?” என்றார் முதலாளி.

மார்ச் 9, ஞாயிறு
பத்து இருபது. ஆரம்பிச்சிடுச்சு. ஐயோ, பாக்காதம்மா. பாக்காத.

மார்ச் 11, செவ்வாய்
பதில் இல்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்
எழுதிவிட்டார்!

“சார், போன் ரிப்பேர்ல இருந்துச்சு, இப்பத்தான் உங்க செய்தியப் பாத்தேன். அன்னிக்கு மொதல்ல மாமியார்தான் உக்காந்தாங்க. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டு இருக்கும்போதே பட்டுனு ஒரு சத்தம். கறுப்புக் கண்ணாடி ரெண்டா பொளந்துடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

“அடுத்த தடவைக்கு எது வாங்கலாம்? தப்புன்னு தேடி வந்து சொன்ன நீங்களே சொல்லுங்க சார், மத்தவங்க பேச்ச நம்பப் பயமா இருக்கு.”

பிறகு மன்றத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே எழுதினேன்: “நான் தொலைநோக்கியில் சூரியனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை அம்மா. என்னைக் கேட்காதீர்கள். இருபத்தாறு பதிவு போட்டவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.”

இதுவரை ஒருவர்கூட விருப்பம் போடவில்லை.