என் பங்குக்கு வந்த உண்மை

மார்ச் 3, திங்கள்

இன்று அலுவலகத்தில் நற்பண்புகளைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். தலைமை அலுவலகத்தின் உத்தரவு. எங்களுக்கெல்லாம் வேலையில் மனம் ஒட்டவில்லையாம். ஆளுக்கு ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் அதன்படி நடந்தால் ஒட்டிவிடுமாம். ஒரு டப்பாவுக்குள் கையை விட்டு ஆளுக்கொரு பேட்ஜ் எடுத்தோம்.

பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதனால் அவருக்கு ‘இடி’ என்று பெயர். அவருக்கு வந்தது பொறுமை. மேலாளருக்குப் பணிவு. திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் குத்திக்கொண்டார்.

எனக்கு உண்மை.

வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்பது என் வேலை. “மெக்கானிக் நாளைக்கே வந்துடுவார்” என்று காலை முதல் மாலை வரை சொல்ல வேண்டும். மெக்கானிக் இருப்பதோ ஒரே ஒருவர். இந்த வேலையில் உண்மையை எங்கே வைத்துக்கொள்வது?

மார்ச் 4, செவ்வாய்

பேட்ஜ் வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு பொய்க்கும் உறுத்தியது. மனசாட்சி இல்லை, ஊசி.

மார்ச் 6, வியாழன்

வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

ஒருவர் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், மெஷினுக்குள் நனைந்த துணி. எப்போதுதான் வருவார்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். இன்று ஏனோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

“இந்த வாரம் வரமாட்டார் சார். இருக்கறது ஒரே ஆளு. அவருக்கும் இடுப்புப் பிடிச்சிருக்கு.”

அந்தப் பக்கம் குழந்தைகளின் அழுகை கேட்டது. அதைத் தாண்டி அவர் குரல் வந்தது.

“இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் கையாலேயே துவைச்சிருப்பேனே. துணி நாறியிருக்காது.”

திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதி வீடுகளில் வடிகட்டி அடைத்துக்கொள்வதுதான் கோளாறு என்று மெக்கானிக் டீ குடிக்கும்போது புலம்புவார். அது ஞாபகம் வந்தது. கீழே சின்ன மூடி இருக்கும், முன்னால் ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு திருகுங்கள் என்றேன். குழந்தையின் காலுறை ஒன்று வந்தது. மெஷின் ஓடியது. ஓடுது ஓடுது என்று அவர் மனைவியிடம் கத்திய கத்தலில் இடியே திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். எதற்கு இவ்வளவு சந்தோஷம்?

மார்ச் 8, சனி

புதிதாக வளர்க்கிற மீசை எப்படி இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். சொன்னேன். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். வியாழக்கிழமையிலிருந்து நான் போனில் உண்மையாகவே பேசிவந்ததை எல்லாம் கேட்டிருக்கிறார். பணிவு காரணமாக முதலில் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் இன்றுதான் உட்கார்ந்தேன்.

“ரொம்பப் பணிவோட கேட்டுக்கறேம்மா. இப்படியே பேசினீங்கன்னா உங்கள வேலைய விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்.”

“நான் ஏதாவது பொய் சொன்னேனா சார்?”

“சொல்லாததுதாம்மா பிரச்சினை. நமக்கு ஒரே மெக்கானிக்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப இந்த பேட்ஜ் எதுக்கு சார்?”

“குத்திக்கறதுக்கும்மா.”

வேலை போய்டுமோ? போனா என்ன பண்றது? பேசாம நாளைக்கே வந்துடுவார்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே — எத்தனை வருஷமா சொன்ன வாய் இது! இப்ப வரமாட்டேங்குதே.

சமையலறையில் அழுதுகொண்டிருந்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மீசையை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தாராம், நான் சொன்னது சரிதானாம்.

மார்ச் 12, புதன்

இடி பொறுமையாக இருக்கிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

நற்பண்புகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். மெக்கானிக் இடுப்பு முழுசாகப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். போன் ஓயவில்லை. அதிகாரி பார்க்கட்டும் என்று மேலாளரும் ஒரு போனை எடுத்து, மெக்கானிக் நாளைக்கே வந்துவிடுவார் என்றார். பேசிய அம்மாள் அதை நம்பவில்லை. அங்கே உண்மை சொல்கிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாளாமே, அவளிடம் கொடுங்கள் என்றார். அடுத்துக் கூப்பிட்டவரும் அதையே கேட்டார். மேலாளர் எழுந்து வந்து போனை என்னிடம் நீட்ட வேண்டியதாகிவிட்டது.

இதெல்லாம் என்ன என்று அதிகாரி கேட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். மேலாளர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“தப்பு என்னோடது சார். ஒரே மெக்கானிக்க வச்சுக்கிட்டு இவங்கள எல்லாம் பொய் சொல்ல வச்சது நான்தான். இன்னும் ரெண்டு பேர் வேணும்.”

“இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“நீங்க கேக்கறப்பெல்லாம் எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லியே பழகிட்டேன் சார்.”

அதிகாரியின் சட்டையில் பேட்ஜ் எதுவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

புது மெக்கானிக்குகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். பழையவர் அவர்களைப் படுக்கையிலிருந்தே போனில் விரட்டுகிறாராம்.

ஏப்ரல் 2, புதன்

மாதம் முடிந்துவிட்டது என்று பேட்ஜுகளை நேற்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இன்று ஒரு அம்மா கூப்பிட்டார். புகார் இல்லை, எங்கள் புது மாடலை வாங்கலாமா என்று கேட்டார். அதில் கதவு ரப்பர் சீக்கிரம் கிழிகிறது, பொறுக்க முடிந்தால் அடுத்த மாடலுக்குக் காத்திருங்கள் என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் பின்னால் மேலாளர். எவ்வளவு நேரமாக நின்றாரோ. போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“அடுத்த மாடல் எப்ப வரும்னு கேட்டாங்கன்னா,” என்றார், “எங்க மேனேஜருக்கே தெரியலைன்னு சொல்லிடுங்கம்மா.”