மோட்டார் ரூம் சாவி

ஜூன் 1, ஞாயிறு

எங்கள் தெருவுக்கே ஒரு போர்வெல்தான். நான் கம்பெனியில் ஃபிட்டர் என்பதால், மோட்டார் மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். சாவி அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. பிறகு தண்ணீர்ச் சண்டைக்குக் கூப்பிட்டார்கள், பிறகு சுவர்ச் சண்டைக்கு. யாரும் ஓட்டுப் போடவில்லை. இன்று வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ஒருவர் "வாங்க தலைவரே" என்றார். பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மனைவி சரசாவிடம் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

யுவராணி வீட்டுக் கழிவுநீர் கோவிந்தராஜ் வாசலில் ஓடுகிறதென்று மோட்டார் ரூம் முன்னால் கூடினோம். குழாயை அடைக்கச் சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்த கேக்கல. நீ இன்னாண்ணே தலைவரு? உன்ன யாரு வெச்சது?" என்றாள் யுவராணி. அத்தனை பேர் முன்னால். யாரோ சிரித்தார்கள்.

"இனிமே இவங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவாதீங்க" என்றேன்.

ஜூன் 16

அது எப்படி என் வாயில் வந்தது? சொந்த ஊரில் என் அப்பாவை ஒதுக்கி வைத்தபோது பஞ்சாயத்தில் சொன்ன அதே பேச்சு. போகட்டும், கோபத்தில் சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்.

ஜூன் 22

கேட்கிறார்கள். சரசாகூட யுவராணியோடு பேசுவதில்லை. "நீதான சொன்ன. நானே மீறுனா மத்தவங்க இன்னா சொல்லுவாங்க?"

சொன்னதைத் திரும்ப எடுத்துவிடலாம். யுவராணி ஒரு தடவை வந்து கேட்கட்டும் — எவ்வளவு அற்பமாகப் போய்விட்டேன்.

ஜூலை 2, புதன்

காலையில் யுவராணியின் மாமனார் இறந்துவிட்டார். மதியம்வரை ஷாமியானாவில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவள் புருஷன் மதுரைவீரன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேனே, நான்லாம் மனுசனா?

மாலை வாங்கிக்கொண்டு போனேன். நான் உள்ளே போனதும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. பாடை தூக்க கோவிந்தராஜே வந்தான். செத்தவருக்காக யாரும் வரவில்லை. நான் போனதால் வந்தார்கள்.

ஜூலை 6

சாவியைக் கோவிந்தராஜிடம் கொடுத்தேன். மத்தியானமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "உன் கையிலயே கெடக்கட்டும் தலைவரே. நீ சொன்னாதான் தெரு கேக்குது."

வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

யுவராணி வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்து போனேன். அவள் படியேறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழேயே நின்றாள்.

"வியாழக்கெழம மாமனாருக்குக் காரியம், தலைவரே. செய்யலாங்களா?"



"செய்யும்மா" என்றேன்.