டி டிரைவில் இருந்த நாற்பது பக்கங்கள்

என் அன்பு விஜி அக்காவுக்கு,

கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நந்தனத்தில் ஆபீஸ். உன் பெண்ணைவிடக் கொஞ்சம் குள்ளம், ஆனால் தங்கமான பையன். நீ இருந்திருந்தால் அந்தக் குள்ளத்தை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தாள். "மாமா, எனக்குக் கல்யாணம் முடிவானதும் உங்ககிட்ட ஃப்ளாப்பி வாங்கிப் படிக்கணும்னு அம்மா எழுதிக் காட்டினாங்கல்ல? குடுங்க" என்று கையை நீட்டினாள். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன்.

அக்கா, அப்படி ஒரு ஃப்ளாப்பியே கிடையாது. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். தனியாக எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா?

தொண்டை ஆபரேஷனில் உன் குரல் போனதும் அந்தப் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஹார்ட் டிஸ்க் அப்போதே சாகக் கிடந்தது. அதனால் மெமரியிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, டி டிரைவ் என்று பெயர் வைத்தேன். "அக்கா, எல்லாத்தையும் இதுலயே எழுது. பேட்டரிய மட்டும் கழட்டிடாத, அத்தனையும் போயிடும்" என்றேன். நீ பேட்டரிமேல் டேப்பே ஒட்டிவிட்டாய். வாராவாரம் ஃப்ளாப்பியில் காப்பி எடுக்கிறேன் என்றும் சொன்னேன். ஃப்ளாப்பி டிரைவை நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து கொண்டுவர ஒவ்வொரு வாரமும் மறந்தேன்.

கவிதாவுக்காகத்தான் எழுதினாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாய், நான் எட்டிப் பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பாய். நாற்பது பக்கம் ஆனதும் இடமில்லை என்று மெஷின் மக்கர் பண்ணியது. "இன்னும் முடிக்கலடா" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாய்.

நீ கேன்சருக்குக் கரண்ட் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலையில், திரும்பி வந்து அசந்து போகட்டும் என்று மெமரியைக் கூட்ட, கடையிலிருந்து எட்டு எம்.பி. கார்டு கொண்டுவந்தேன். மெமரியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்று என்பது ஆழ்வார்பேட்டைக் கடையில் எங்களுக்கு முதல் பாடம். எத்தனையோ மெஷினில் செய்த கை, தானாகச் செய்துவிட்டது. உன் டேப்பை நானே உரித்தேன். பேட்டரியைக் கழற்றி, பழைய கார்டை உருவி, புதியதைச் செருகினேன். ஆன் செய்ததும் திரையில் மெமரி எண் விறுவிறுவென்று ஏறியது. பாவி, விசிலடித்தேன். அப்புறம்தான் டி டிரைவைத் திறந்தேன். காலி.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாய். மெஷினைக் காட்டிக் கண்ணாலேயே கேட்டாய். "பத்திரமா ஃப்ளாப்பில காப்பி பண்ணிட்டேங்கா" என்றேன். நீ சீட்டில் எழுதினாய்: "அப்போ போதும்டா. மீதி அவளுக்கே தெரியும்."

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்தாய். மளிகைச் சீட்டு எழுதினாய், பால்காரனுக்குச் சீட்டு எழுதினாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கும் நாலு வரி எழுதியிருப்பாய் இல்லையா? பேட்டரியைக் கழற்றியது கைத்தவறு. அந்தப் பொய் நான் தெரிந்தே செய்த துரோகம்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃப்ளாப்பி பூஞ்சை பிடிப்பது சகஜம். "பூஞ்சை பிடிச்சிடுச்சும்மா" என்றால் கவிதா நம்பிவிடுவாள். நேற்று ஒரு பழைய ஃப்ளாப்பியில் உன் பேரைக்கூட எழுதிவிட்டேன், அக்கா. எழுதிய கையோடு இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். அவள் திட்டட்டும், கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லட்டும். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பயமாக இருக்கிறது. "அம்மா என்ன எழுதியிருந்தாங்க மாமா?" என்று கேட்பாள். நீ பார்க்கவே விடாததால், நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

உன் தம்பி,
சேகர்