என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்

ஞாயிறு, இரவு.

இன்று எங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். எப்போதும் கடைசியில் நடக்கும் தேர்தலை இந்த முறை சாப்பாட்டுக்கு முன்பே முடித்தார்கள். தலைவரே என் பெயரைச் சொன்னார். போட்டியே இல்லை. கழகத்துக்குப் பணம் தரும் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப் முதலாளி எனக்கு மாலை போட்டார். இதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காதவர்.

நவாபின் படைக்குத் தோல் பதனிட்டவர்களின் கூலியை யார் விழுங்கினார்கள் என்பது என் கட்டுரை. சாயங்காலம் வாசிக்க எழுந்தபோது தலைவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னாப்பா, ரூல் தெரியாதா? செயலாளர் கட்டுரை வாசிக்கக் கூடாது."

"காலையிலதானே சார் ஆனேன்?"

"ஆய்ட்டே இல்ல?"

முதலாளி சிரித்தார். "பேஜார் பண்ணாத தம்பி. பதவின்னா சும்மாவா?"

விதி உண்மைதான். ஆனால் அதை வைத்து என்னைத் தடுக்கலாம் என்று முதலில் நினைத்தது யார்? முதலாளியின் ஷாப்பில் கூலி உயர்வு கேட்டவனைப் போன வருஷம் மேஸ்திரி ஆக்கினார்கள். அதன்பின் அவன் வாயே திறக்கவில்லை.

காலையில் ராஜினாமா எழுத வேண்டும். ஆனால் கூட்டத்தில் எல்லாரும் என்னை 'செயலாளர் சார்' என்று கூப்பிட்டது பிடித்திருந்தது. இப்போது என் மேலேயே சந்தேகமாக இருக்கிறது.